திருவொற்றியூர்க் கிழவன்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு வரக்கூடிய பைத்தியங்கள் பலவகைப்படும். சிலர் சங்கீதம் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் வீடு மாற்றிக்கொண்டு போகிறார்கள். சிலர் மொட்டை மாடியில் தக்காளிச் செடி வளர்க்கிறார்கள். வேறு சிலர் ஜாதகம் பார்க்க ஆரம்பித்து, வந்தவர்களுக்கெல்லாம் சனி திசை நடக்கிறதென்று சொல்லி ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள். எனக்கு வந்த பைத்தியம் இவற்றையெல்லாம்விடச் செலவு மிகுந்தது. ஏழு வருஷ காலம் மழையிலும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்று துருவேறிப் போன ஒரு மோட்டார் சைக்கிளை, கையிலிருந்த காசைக் கொடுத்து வாங்கினேன்.

நான் ராயபுரத்தில் வசிக்கிறேன். 1856-ம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்ட அந்த ஸ்டேஷனுக்கு அருகில்தான் எங்கள் வீடு. வாத்தியார் உத்தியோகமோ திருவொற்றியூரில். தினந்தோறும் காசிமேட்டு மீன் வாசனையையும், துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையையும் கடந்து, ஆறேழு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் ஒரு வசதி உண்டு: பரீட்சைத் தாள்களைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கித் தேரடியை ஒட்டிய சந்து வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதுதான் அந்த விபரீதம் நேர்ந்தது.

சந்தில் ஒரு வேப்ப மரம். அதனடியில் ஏதோ ஒரு வாகனம். அதன் கைப்பிடியிலிருந்து ஜன்னல் கம்பி வரை கயிறு கட்டிப் புடவை உலர்த்தியிருந்தார்கள். ஆசனத்தின் மேல் ஒரு கோழி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பல மாதங்கள் நான் அதைப் பார்க்காமலேதான் போய்க்கொண்டிருந்தேன். 2022-ம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், புடவை இல்லாத சமயமாகப் பார்த்து வெயில் பெட்ரோல் டேங்கின் மேல் விழுந்தது. துருவுக்கும் அழுக்குக்கும் நடுவே மயிரிழை போல ஒரு தங்கக் கோடு மின்னிற்று. நான் நின்றேன். கோழி என்னை முறைத்துப் பார்த்தது.

அது புல்லட். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "எழுபத்தொன்பது மாடல் சார். இங்கேதான் பொறந்தது. இதோ, கூப்பிடு தூரத்துல."

திருவொற்றியூர்வாசிகளுக்கு இது தெரிந்த விஷயம். மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விஸ்தரிக்க வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். அங்கே ஊசி செய்தவர்கள் சைக்கிள் செய்தார்கள். சைக்கிள் செய்தவர்கள் 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். என்பீல்டு என்னுமிடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததால் 'ராயல் என்பீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அவர்களுடைய விளம்பர வாக்கியம். துப்பாக்கி இருந்தால் தோட்டா வேண்டாமா? 1932-ல் 'புல்லட்' வந்தது. இப்போது நாம் புல்லட் என்று தெரிந்துகொள்ளும் உருவம், அதாவது பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த வண்டி, 1949-ல் விற்பனைக்கு வந்தது.

சுதந்திரம் கிடைத்த புதிதில் எல்லைப் புறங்களைக் காவல் காக்க நமது ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள்கள் தேவைப்பட்டன. ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. வரவழைத்துக் கொடுத்தவர்கள் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' என்னும் நம் ஊர் வியாபார ஸ்தாபனத்தார். ஒவ்வொரு வண்டியையும் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்துவிடலாமே என்ற யோசனை பிறந்து, 1955-ல் இரு தரப்பும் கூடி 'என்பீல்டு இந்தியா' ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் ஆங்கிலக் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதையே விட்டொழித்தது. குருவின் கடை அடைபட்ட பிறகும் சிஷ்யன் கடையில் வியாபாரம் நடந்துகொண்டேயிருந்தது. அது மட்டுமா? 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளை இங்கிலாந்துக்கே அனுப்பி விற்க ஆரம்பித்தார்கள்! ஒரு காலத்தில் மான்செஸ்டர் துணி நமக்கு வந்த வழியை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி ருசி இருக்கும். எனக்கு இருந்தது. பெரியவரும் இதைச் சொல்லும்போது மட்டும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

அவர் 1968 முதல் அந்தத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜின் பூட்டும் பகுதியில் வேலை. இந்த வண்டியை அவர் புதிதாக வாங்கவில்லை; 1984-ல் ஒரு போலீஸ்காரரிடமிருந்து இரண்டாங்கையாக வாங்கினாராம். "இந்த என்ஜின் உங்கள் கையால் பூட்டியதுதானா, ஐயா?" என்று ஆவலுடன் கேட்டேன். கதைகளில் என்றால் 'ஆம்' என்றிருப்பார். அவரோ, "அது எப்படி சார் சொல்ல முடியும்? அந்த லைன்ல நாங்க எத்தனையோ பேர். இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வண்டி இரண்டு நாள் பாதி உடம்பு நீரில் கிடந்தது. அதே சமயத்தில் பெரியவருக்கு முழங்கால் வாதமும் வந்து சேர்ந்தது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மகன் காயலான் கடைக்காரரை அழைத்து வந்தான். அவர் எடை போட்டுப் பார்த்து ஆறாயிரம் ரூபாய் என்றார். சுமார் 160 கிலோ இரும்பு. அவர் கணக்கில் தவறில்லை. பெரியவர், தான் இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாமென்று சொல்லிவிட்டார். "ஓட்டுறவனுக்குத்தான் குடுப்பேன். உடைக்கிறவனுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் என்னிடமும். 32,000 ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் நடந்த விவாதத்தை விரிவாக எழுதுவதற்கில்லை. நான் முடித்த சீட்டுப் பணம் கையில் இருந்தது. அது எங்கள் பெண்ணின் காலேஜுக்கென்று வைத்தது. அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கோழி உட்காருகிற வண்டியில் நீங்கள் எப்போது உட்காருவீர்கள்?" எப்போது என்று எனக்கே தெரியாது. கடைசியில், மொத்தச் செலவு ஒரு லக்ஷத்தைத் தொடக்கூடாது, அடுத்த சித்திரைக்குள் வண்டி ஓடவில்லையானால் அதே காயலான் கடைக்காரரை நானே அழைத்து வரவேண்டும் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. பெண் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

பழைய வண்டி வாங்க உத்தேசிக்கும் வாசகர் யாராவது இருந்தால், நான் பெரியவரிடமே கற்றுக்கொண்ட சில சோதனைகளைச் சொல்லிவைக்கிறேன். விற்கிறவரே குறைகளைக் காட்டிக் கொடுப்பது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் அல்ல, சட்டம். சட்டம் வளைந்திருந்தாலும், பற்றவைத்த இடம் இருந்தாலும் தொடக்கூடாது. என்ஜினை எப்படியும் சீர் செய்யலாம். இரண்டாவது, சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணும் என்ஜினில் வெட்டியிருக்கும் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதுதான் கிக்கர். அதை மிதித்தால் இறங்க வேண்டும். எங்கள் கிக்கர் இறங்கவில்லை. பாறையை மிதித்தது போலிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டம் நேராக இருந்தது. ஆர்.சி. புத்தகம் கடைசியாக 2014-ல் புதுப்பிக்கப்பட்டு 2019-ல் காலாவதியாகியிருந்தது. எண்களை அப்போது சரியாகப் பார்க்கவில்லை. இது நான் செய்த பிசகு. பின்னால் அதற்கு வட்டியுடன் அனுபவித்தேன்.

மீன்பாடி வண்டி ஒன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வண்டிக்காரர் வழியெல்லாம் விசாரித்தவர்களிடம், "வாத்தியாரு வாங்கினாரு" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொற்களில் எத்தனையோ அடங்கியிருந்தது.

முதலில் போன பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கண்ணாடிக் கதவு, சுவரில் படங்கள், மேஜையில் கம்ப்யூட்டர். அங்கிருந்த இளைஞர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாம் மாத்திடலாம் சார்" என்றார். சிலிண்டர், ஹெட், கார்ப்பரேட்டர், சக்கரங்கள், டேங்க், மட்கார்டு, கைப்பிடி எல்லாம் புதியவை. "அப்படியானால் என் வண்டியில் மிஞ்சுவது என்ன?" என்று கேட்டேன். "நம்பர் பிளேட்டு" என்றார். பிறகு யோசித்து, "அதுவும் புது மாடல்ல போட்டுடலாம்" என்றார். மூன்று வாரம் அங்கே கிடந்து திரும்பி வந்தபோது வண்டியில் விளக்குக் கூட்டிலிருந்த அம்மீட்டரைக் காணோம். விசாரித்ததில் அது ஆரம்பத்திலிருந்தே இல்லை என்றார்கள். நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். வகுப்பில் பென்சில் திருட்டு விசாரித்த அனுபவத்தில், பேசிப் பயனில்லாத இடம் எனக்குத் தெரியும்.

காசிமேட்டில் ஒரு மேஸ்திரி இருப்பதாகப் பெரியவர்தான் சொல்லியனுப்பினார். இளமையில் விசைப்படகு என்ஜின்களைப் பழுது பார்த்தவர். கடல் நீர் இரும்பை என்னவெல்லாம் செய்யும் என்பதை அறிந்தவர். அவருடைய பட்டறைக்குக் கதவே கிடையாது, தார்ப்பாய்தான். அவர் முதல் நாள் வண்டியைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, துணியால் அடைத்து, "பத்து நாள் கழிச்சு வா வாத்தியாரே" என்று அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துப் போனேன். மீண்டும் ஊற்றி இன்னும் பத்து நாள் என்றார். அவசரக்காரர்கள் இந்த இடத்தில் சம்மட்டியை எடுத்து, பிஸ்டனோடு கனெக்டிங் ராடையும் கோணலாக்கிவிடுவார்களாம். மூன்றாவது தடவை ஒரு மரக் கட்டையை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே ஏதோ 'கிறீச்' என்றது. பிஸ்டன் ஓர் அங்குலம் இறங்கியது. நான் அறியாமல் கைதட்டிவிட்டேன்.

என்ஜினைப் பிரித்தபோது அடியிலிருந்து வந்த எண்ணெய், பால் கலந்த காப்பியைப் போலிருந்தது. வெள்ளத்து நீர் ஏழு வருஷமும் உள்ளே குடியிருந்திருக்கிறது. புல்லட்டின் என்ஜின் அந்தக் காலத்துச் சமையற்கட்டைப் போல எளிமையானது. ஒரே சிலிண்டர், 70 மில்லிமீட்டர் வாய், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 கன சென்டிமீட்டர். அகலத்தைவிட உயரம் அதிகமானதால்தான் அது அவசரப்படாமல், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும்படி ஓடுகிறது. இன்றைய என்ஜின்களில் அலுமினியம் இருக்கும் இடத்தில் இதில் வார்ப்பிரும்பு. இந்த வார்ப்பிரும்பு என்ஜின் 2010-ஐ ஒட்டித் தயாரிப்பிலிருந்து விடைபெற்றுவிட்டது.

வார்ப்பிரும்பாயிருந்ததே எங்களுக்கு நன்மையாயிற்று. பிஸ்டன் ஏழு வருஷம் ஒரே இடத்தில் நின்றதால், ரிங்குகள் இருந்த இடத்தில் சிலிண்டர் சுவரில் வளையம் வளையமாகக் குழிகள் அரித்திருந்தன. மேஸ்திரி விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். என் நகத்தையும் பிடித்துத் தடவச் சொன்னார். நகம் இடறிற்று. "போர் அடிச்சா போயிடும். பிளாக்கு தெம்பாத்தான் இருக்கு" என்றார். அதாவது, சிலிண்டரின் வாயை லேத்துப் பட்டறையில் அரை மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்றபடி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். பழைய சிலிண்டரே பிழைத்துக்கொள்ளும். கிராங்கில் இருந்த மிதக்கும் புஷ் மட்டும் தேய்ந்துவிட்டது. அதை மாற்றி, அழுத்தி, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் சுழல்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது.

'எல்லாவற்றையும் மாற்று' என்ற கட்சிக்கும், 'எது பிழைக்குமோ அதை விட்டுவிடு' என்ற கட்சிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் விளங்கியது. முதலாவதற்குப் பணம் இருந்தால் போதும். இரண்டாவதற்கு, எது பிழைக்கும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். மேஸ்திரி ஒரு காலி வாளியையும் ஒரு தட்டையும் வைத்துக்கொண்டிருந்தார். மாற்ற வேண்டியவை வாளிக்கு, தக்கவை தட்டுக்கு. அந்தச் சாயங்காலம் தட்டு நிரம்பி வழிந்தது. வாளியில் கிடந்தவை ரிங்குகள், வாஷர்கள், ரப்பர்கள், வால்வு ஸ்பிரிங்குகள், கிளட்ச் கட்டைகள், ஒரு சங்கிலி.

வாளிக்குப் போனவற்றுக்கு மாற்று வாங்கப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் அலைந்தது ஒரு தனிப் புராணம். புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் எனக்கு ஓர் அம்மீட்டர் விற்றார். என் வண்டியிலிருந்து மறைந்ததைப் போலவே இருந்தது. அதுவேதானோ என்று எனக்கு இன்றும் ஒரு சம்சயம் உண்டு. 400 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் பெண்ணுக்கு ஒரு வேலை கிடைத்தது. டேங்குக்குள் இருந்த துருவை எடுக்க, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டு மூடி, அதைக் கட்டிப்பிடித்துக் குலுக்க வேண்டும். அவளும் எதிர்வீட்டுப் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குலுக்கினார்கள். ராயபுரம் முழுவதும் கேட்டிருக்கும். ஆனால் டேங்கின் வெளிப்புறத்தில் நான் கைவைக்கவிடவில்லை. அந்தத் தங்கக் கோடுகள் அச்சில் ஒட்டியவை அல்ல. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அவற்றைத் தூரிகையால் கையாலேயே இழுப்பார்கள். கீழே பென்சில் அடையாளம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் கோடு பாதி அழிந்திருந்தது. மறுபக்கம் முழுசாக இருந்தது. சோப்பு நீரால் கழுவி, மெழுகு தேய்த்து, அப்படியே விட்டோம். இப்போதும் பார்ப்பவர்கள், "டேங்குக்குப் பெயின்ட் அடிக்கக் காசு தீர்ந்துவிட்டதோ?" என்று அனுதாபத்துடன் கேட்கிறார்கள்.

ஐப்பசி மாதத்தில் நான் முன்பு சொன்ன பிசகு தலைதூக்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இத்தகைய வண்டியின் பதிவு முதல் 15 வருஷத்துக்கும், பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கும்தான் செல்லும். எங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க 25-ம் எண் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள். வண்டியை நேரில் கொண்டுபோய்ச் சட்டத்திலுள்ள எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி காகிதத்தை வைத்துத் தேய்த்தார். கைப்பிடிக் கழுத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில், மேகம் மூடியது போல ஒரு கறை விழுந்தது. நடுவில் மூன்று இலக்கங்களைக் காணோம். எப்போதோ எவரோ பெயின்ட் அடிப்பதற்காக உப்புத்தாள் போட்டு உரசியிருக்கிறார்கள். மீதியைத் துரு தின்றிருக்கிறது.

எண் படிக்க முடியாத வண்டி சாலையில் ஓட முடியாது. அது எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி. அதுவரை ஆகியிருந்த செலவு, விலையையும் சேர்த்து 81,000 ரூபாய். பெண்ணின் காலேஜுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்.

பெயின்ட் பட்டறைக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். "இதுக்கா கவலைப்படறீங்க? அந்த இடத்தை வழவழன்னு தேய்ச்சிட்டு, புஸ்தகத்துல இருக்கிற நம்பரைப் பஞ்ச் பண்ணிடலாம். அரை மணி வேலை. ஐந்நூறு ரூபாய்." அது உண்மையான எண்தானே, பொய் எண் அல்லவே என்று என் மனம் வாதம் பேசியது. வாத்தியார்களுக்கு நியாயம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஐந்நூறு ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியில் பெரியவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "திருட்டு வண்டிக்குச் செய்யறதை என் வண்டிக்குச் செய்வீங்களா சார்?" என்றார். சட்டப்படி அது குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "அந்த எழுத்து ஒவ்வொண்ணும் சுத்தியால அடிச்சது. அடிச்ச இடத்துல இரும்பு உள்ளே இறுகிப் போயிருக்கும். மேலே தேய்ஞ்சாலும் அடியில இருக்கும். பொறுமையாத் தேடணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் ராயபுரம் வந்து இறங்கினார். ஏழு வருஷத்தில் அவர் சந்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை என்று பேரன் சொன்னான். ஒரு ஸ்டூலைப் போட்டு வண்டியின் கழுத்தருகில் உட்கார்ந்தார். மண்ணெண்ணெய், பித்தளைக் கம்பித் தூரிகை, பூதக்கண்ணாடி. உப்புத்தாள் கூடாது, இரும்புத் தூரிகை கூடாது. பித்தளை மிருதுவானதால் துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. ஊறவைப்பதும், துடைப்பதும், மறுபடி ஊறவைப்பதுமாக மத்தியானம் வரை அதே வேலை. பிறகு என்னைப் பார்த்து, "சாக்பீஸ் இருக்குமே உங்க கிட்ட?" என்றார். இருபது வருஷமாகச் சாக்பீஸோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை! பொடி செய்து அந்த இடத்தில் தடவி, உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தார். பள்ளத்தில் தங்கிய வெள்ளைப் பொடி மெல்லிய கோடுகளாக நின்றது. இரண்டு இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை. என் பெண் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். நிழல் விழுந்தது. எட்டு. புத்தகத்திலும் எட்டுதான்.

ஐந்நூறு ரூபாய் அன்றைய மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆயிற்று. பெரியவருக்கு வஞ்சிரம் என்றால் பிரியம்.

காரியாலயத்தில் மூன்று நடை நடந்தது. மூன்றாவது நடையில் உத்தியோகஸ்தர் தாமே குனிந்து, சாக்பீஸ் பொடி தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மேஸ்திரிக்கும் பட்டறைக்கும் கொடுத்தது போக மொத்தச் செலவு 96,500 ரூபாய். உடன்படிக்கை மீறப்படவில்லை என்பதைப் பெண் கணக்கு நோட்டில் சரிபார்த்துக் குறித்தாள். என் மனைவி மட்டும் மீன்பாடி வண்டிக் கூலி இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள்.

புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. அதைத் தெரியாதவர்களைக் கிக்கர் திருப்பி உதைத்து, கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். சாவியைத் திருப்பினால் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கெட்டியாக நின்றுவிடும். பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெருக்குகிறது என்று அர்த்தம். அங்கே டிகம்ப்ரஸர் என்னும் சின்ன நெம்புகோலை இழுத்து நெருக்கத்தை விடுவித்து, இன்னும் ஒரு விரற்கடை அழுத்த வேண்டும். முள் நடுவுக்குத் திரும்பும். அதுதான் முகூர்த்தம். நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழுப் பாரத்தையும் வைத்து ஒரே மிதி. அம்மீட்டர் இல்லாமல் இந்தச் சடங்கு எப்படி நடக்கும்? புதுப்பேட்டைக்குக் கொடுத்த 400 ரூபாய் வீணல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. மார்கழி மாதம் ஒரு விடியற்காலம், பதினோராவது மிதியில் வண்டி கிளம்பியது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டிலும் எரிந்தது.

2023-ம் வருஷம் பொங்கல் கழிந்து, அதுவரை 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, திருவொற்றியூருக்குச் சென்றேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. ஆகவே ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு ஒரு சின்ன மனப்போராட்டம். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். சந்துக்குள் திரும்பியபோது, சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தது பேரன். பிறகு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

வண்டியைப் புகழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், வண்டியை நிறுத்த வேண்டாமென்று சைகை காட்டிவிட்டு, ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவரச் சொன்னார். அதன் முனையை என்ஜினின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"ஒரு டாப்பட்டு சத்தமே போடலை" என்றார்.

"நல்லதுதானே, ஐயா?"

"நல்லதில்லை. சத்தம் போட்டா லூசு, ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். சத்தமே இல்லைன்னா இறுகிப் போச்சுன்னு அர்த்தம். வால்வு மூடாம கருகிடும். புதுசா சீட் வெட்டினதால உட்கார்ந்திருக்கு. மேஸ்திரி மேல தப்பில்லை. நிறுத்துங்க. நானே பார்க்கிறேன்."

டாப்பட்டை என்ஜின் முழுவதும் ஆறின பிறகுதான் சரி செய்ய முடியும். ஆகவே வேப்ப மரத்தடியில், வண்டி பழைய இடத்திலேயே நின்றது. நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து காப்பி வந்தது. என்ஜின் ஆறும்போது இரும்பு 'டிக், டிக்' என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. பெரியவர் மடியில் இரண்டு ஸ்பானர்களை வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோழி வந்து, ஆசனத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சூடு தெரிந்தோ என்னவோ, திரும்பிப் போய்விட்டது.